குறை தென்படவில்லை

முதல் தடவை ரசீதில் அப்படித்தான் எழுதியிருந்தது.
இரண்டாம் தடவையும்.
மூன்றாம் தடவை பிரென்ட்
கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே
"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, மிஸ்டர் ஓஸ்லண்ட்" என்றான்.
நூற்றைம்பது டாலர்.
பார்த்ததற்கு.

நன்றாகத்தான் ஓடும், பிரென்ட்,
நீ பக்கத்தில் உட்கார்ந்தால்.
டாக்டரைக் கண்டதும் இருமலை விழுங்கும் பிள்ளை மாதிரி
உன் தெருவை நான்கு சுற்று சுற்றி
வாழைப்பழத்தில் ஊசியாகக் கியர் மாற்றிக் காட்டும்.
பெட்ரோல் பங்க் தாண்டி
ஊர்ப்பலகை கண்ணாடியில் மறைந்த பிறகுதான்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
அதற்கு யோசனை வரும்.

நான் தண்ணீர் கொண்டுபோகிறவன்.
ஷெரிடனுக்குக் கிழக்கே மண்சாலையில் பதினேழு வீடுகள்.
கிணறு தோண்டினால் கந்தகம் நாறும்.
பின்தட்டில் இருநூற்றைம்பது கேலன் தொட்டி,
ஏறக்குறைய ஒரு டன்.
வண்டி வெடுக்கென்று இழுத்தால்
தண்ணீர் பின்னால் போகும்,
கொஞ்சம் நிதானித்து
முன்னால் வந்து இருக்கைக்குப் பின் அறையும்.
தப்பு கியருடையது,
அடி என் முதுகுக்கு.

தானியங்கி என்று விற்றார்கள்.
தானாக இயங்கும் என்று புரிந்துகொண்டேன்.
தானாக முடிவெடுக்கும் என்று
எந்தத் தாளிலும் இல்லை.
"அது உங்கள் ஓட்டும் பாணியைக் கற்றுக்கொள்கிறது,
பொறுமையாக இருங்கள்" என்றாள் தொலைபேசியில் ஒரு பெண்.
என்னிடம் கற்க என்ன இருக்கிறது அம்மா,
இரண்டு விவாகரத்து,
ஒரு இடுப்பு வலி,
ஏற்றத்தில் காலை அழுத்தினால் ஏற வேண்டும் என்ற
ஒரே ஒரு நம்பிக்கை.

உலுக்கல் தொடங்கியது ஐம்பத்தெட்டாயிரம் மைலில்.
வாரண்டி முடிந்தது அறுபதில்.
ஏதோ இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டது
அறுபத்தோராயிரத்து இருநூறில்.
புது கியர்பெட்டிக்குச் சொன்ன விலையைக் கேட்டு
சிரித்துவிட்டேன்.
தவணை இன்னும் நாற்பத்தொரு மாதம்.
அது மட்டும் ஒரு உலுக்கல் இல்லாமல்
மாதத்துக்கு மாதம்
வங்கியிலிருந்து தானாகப் போகிறது.

நவம்பரில், டெல்ஃபின் யோஸ்ட் வீட்டுக்கு ஏறும் சரிவில்,
முக்கால்வாசி ஏறியபின் கைவிட்டது.
எஞ்சின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை.
நடுநிலை என்பதை
அதுவரை நல்ல சொல் என்றே நினைத்திருந்தேன்.
ஒரு டன் தண்ணீர்
என்னைப் பின்னால் கூப்பிட்டது.
கைபிரேக்கை இழுத்தேன்,
இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்,
வேறு வழி தோன்றாமல்
தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டேன்.
சாலையோடு ஓடிய தண்ணீர்
வளைவை எட்டுவதற்குள் வெளுத்து இறுகியது.

பாரம் போனதும்
அந்தத் துரோகி
ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறியது.
டெல்ஃபின் நிலத்தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து
கையுறையோடு நின்றிருந்தாள்.
ஆறு நாளாகக் குளிக்கவில்லை என்றாள்.
குழாயைக்கூட நான் கீழே இறக்கவில்லை.

போன சனிக்கிழமை
தீவனக்கடை வாசலில்
அதே வண்டி, அதே ஆண்டு, துருவும் அதே இடத்தில்.
ஓட்டி வந்தவனின் பெயரை நான் கேட்கவில்லை.
என் பெயரை அவனும் கேட்கவில்லை.
என் வண்டியின் மூக்கைப் பார்த்து
"இரண்டு, மூன்றா?" என்றான்.
"ஆமாம். உனக்கு?"
"நான்கு, ஐந்து. ஈரம் இருந்தால் எல்லாமே."
குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது
பாலத்தின் நடுவில் நின்றதாம்.
அவனுக்கும் குறை தென்படவில்லையாம்.
ரசீதை மடித்து வைத்திருந்தான்,
சன்மேற்படியில், என்னைப் போலவே.
பனி விழத் தொடங்கும்வரை பேசினோம்.
எண்ணெயின் நிறம், கருகல் வாடை,
வழக்கறிஞர் ஒருவர், அவரும் திருப்பி அழைக்கவில்லை.

நான் முதலில் கிளம்பினேன்.
அவன் ஜன்னலை இறக்கிவிட்டு
தலையைச் சாய்த்து நின்றான்.
ஒன்று.
இரண்டு.
பிறகு அந்த நீண்ட இடைவெளி,
எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்பது.
மூன்று விழுந்ததும்
ஒரே ஒரு தடவை
ஹார்ன் அடித்தான்.